முக்கால் அங்குலம்

லபக் நகரம், முப்பத்து நான்காம் தெரு.
இருபத்திரண்டு சலவை இயந்திரங்கள் எனக்கு.
ஒன்பதாவது, தண்ணீரை வெளியே விடாது.
பதினேழாவது, காசை விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கும்.
மற்றபடி என் கதவு, என் கண்ணாடி, என் தரை.
வரிக் கடிதமும்
வெர்லீன் ஹச்கிராஃப்ட் என்று என் பெயருக்கே வருகிறது.

போன வசந்தத்தில் கதவருகே ஒரு பலகை ஒட்டினேன்.
சிவப்பு வட்டம். நடுவில் கைத்துப்பாக்கி.
அதன் மேல் குறுக்காக ஒரு கோடு.
கீழே என் கைப்பட நான்கு சொற்கள்.
ஆறு டாலர் எண்பது சென்ட்.
புழுதிக்காற்று இரண்டு முறை பிய்த்தது,
இரண்டு முறையும் ஒட்டினேன்.
எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும் படம்,
அது போதும் என்றிருந்தேன்.

கோய் லெட்பெட்டர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
தோளில் அழுக்கு மூட்டை,
இடுப்பில், எல்லோரும் பார்க்க, அது.
பலகையின் முன் நின்று தொப்பியைக் கழற்றினார்.
நிதானமாகப் படித்தார்.
கட்டைவிரலை மடக்கி
முதல் கணுவை என் எழுத்தின் மேல் வைத்துப் பார்த்தார்.

"இது முக்கால் அங்குலம்தான், அம்மணி.
உரிமம் இருக்கிறவனைத் தடுக்க ஓர் அங்குலம் வேணும்.
ஸ்பானிய மொழியிலயும் வேணும்.
சட்டத்துல இருக்கிற வாசகம், வார்த்தை பிசகாம.
உங்க மேல கோபமில்ல."
ஆறாம் இயந்திரத்தைத் திறந்து
துணியைப் போட ஆரம்பித்தார்.
வெள்ளை தனி, சாயம் தனி.

கவுண்டி அலுவலகத்து ரொசால்பா
போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.
அவளைப் பார்த்தேன்.
"அவர் சொல்றது சரிதான்" என்றாள், தலை நிமிராமல்.
"ரெண்டு பலகை வேணும்.
மறைச்சு வெச்சவனுக்கு ஒண்ணு, காட்டி வெச்சவனுக்கு ஒண்ணு."

ஓராண்டாக என் வாசலில் இருந்தது வெறும் மை.
கால் அங்குலம் குறைந்ததில்
அதற்கு உயிருமில்லை, மெய்யுமில்லை.
எல்லாமே குறில்.
எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு
சட்டைக்குள் சிரித்துக்கொண்டு
என்னிடம் சில்லறை வாங்கிப் போனார்களோ.

"வாயால சொல்லலாம்" என்றாள் ரொசால்பா, பிறகு,
போர்வையின் நான்காவது மூலையைத் தேடியபடி.
"அது செல்லும்."
"குரல் எவ்வளவு உயரம் இருக்கணும்?"
"அதைப் பத்தி ஒண்ணும் எழுதல."

போனேன்.
மூன்று இயந்திரங்கள் ஒரே நேரத்தில் பிழிந்துகொண்டிருந்தன.
"மிஸ்டர் லெட்பெட்டர், துப்பாக்கியோட இங்க இருக்காதீங்க,
வெளியே போங்க."
கடைசிச் சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"என்ன?" என்றார், காதருகே கையை வைத்து.

அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.
இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.
இரண்டாவது முறை எல்லோருக்கும் கேட்டது,
சோப்புத்தூள் விற்கும் பெட்டிக்குப் பின்னால் நின்ற பையனுக்கும்.

அவர் என்னைப் பார்த்த நேரத்தை
எதை வைத்து அளப்பது?
பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார்.
கதவின் மணி அடித்தது.

ஆறாம் எண்ணில் இன்னும் பதினான்கு நிமிடம்.
நின்றதும் நானே திறந்தேன்.
வாத்துப் படம் போட்ட காலுறைகள், சிறியவை,
மொத்தம் ஏழு. எட்டாவதைக் காணோம்.
உள்ளே கையை விட்டுத் துழாவினேன்.
உலர்த்தியில் போட்டு என் காசையே போட்டேன்.
ஏன் என்று ரொசால்பா கேட்கவில்லை.

அவர் வண்டி வெளியே அப்படியே நிற்கிறது.
எஞ்சின் ஓடவில்லை.
இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு
வெறுங்கையோடு வரப்போகிறாரா,
அப்படியே உட்கார்ந்திருக்கிறாரா,
இங்கிருந்து தெரியவில்லை.

நாளை இரண்டு பலகைக்குச் சொல்லப்போகிறேன்,
ஓர் அங்குலம், இரண்டு மொழி.
அளந்து பார்த்தேன்.
இரண்டையும் மாட்டினால்
கண்ணாடியின் இந்தப் பக்கம் முழுக்க மறைந்துவிடும்,
வண்டிகள் நிற்கிற பக்கம்.